மல்லிகைக்குக் கிடைத்த நடு சீட்டு

கீரமங்கலத்தில் புதுக்கோட்டை பஸ் ஏறியதுமே, சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் சீட்டாகப் பார்த்து உட்கார்கிறேன். கையில் போன். அதில் ஒரு சொகுசுக் கப்பலின் வரைபடம்.

கடல் பயணம் போகலாம் என்று நண்பர்களை நச்சரித்துக் கிளப்பியவன் நான்தான். பஸ்ஸிலேயே குமட்டுகிறவனும் நான்தான். இரண்டாவது விஷயம் அவர்களுக்குத் தெரியாது. மிச்சம் இருப்பவை இரண்டே அறைகள்: மேல்தளத்து முனையில் பால்கனியோடு ஒன்று, கீழ்த்தளத்து நடுவில் ஜன்னல் இல்லாமல் ஒன்று. நடுவில்தான் ஆட்டம் குறைவாம்; எல்லா வீடியோவும் பார்த்துவிட்டேன். கீழறைதான் என்று ஏஜென்டுக்குச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் பூ மூட்டையோடு ஓர் அக்கா ஏறுகிறார்.

"தம்பி, செத்த பின்னாடி போறீங்களா? மல்லிய அங்கிட்டு வச்சா குலுங்கிக் கசங்கிரும்."

"நானும் கசங்கிருவேன்க்கா."

"ஒங்கள யாரு தலையில வைக்கப் போறா? போங்க."

பஸ்ஸே சிரிக்கிறது. கடைசி சீட்டுக்குப் போகிறேன். ஆலங்குடி வருவதற்குள் என் தலை ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறது. அக்காவே எழுந்து வந்து எலுமிச்சம்பழம் நீட்டுகிறார். அதை முகர்ந்தபடி கப்பல் கதையைச் சொல்கிறேன்.

"ஜன்னலே இல்லாத ரூமா? அப்ப எங்கிட்டு வாந்தி எடுப்பீங்க?"

அறைக்குள்ளேயே பாத்ரூம் உண்டு என்று சொல்ல வாய் திறக்கிறேன். வாய் வேறு வேலைக்குத் திறந்துகொள்கிறது. மறுபடி ஜன்னல்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, பால்கனி அறையே போதும் என்று ஏஜென்டுக்கு அனுப்புகிறேன். நண்பர்களுக்கு மட்டும், சூரிய உதயம் பார்க்க வசதி என்று எழுதுகிறேன்.