சோன் மூர்த்தாவின் எஜமானி

அந்த மலைச்சரிவில் பொலோனியாவை எஜமானி என்று கூப்பிடாதவர்கள் யாருமில்லை. மயோர்க்கா தீவின் வழக்கம் அப்படி. பண்ணைக்குச் சொந்தக்காரர்கள் பால்மா நகரத்தில் இருப்பார்கள். அவர்கள் சீமான், சீமாட்டி. குத்தகைக்கு எடுத்து அங்கே மாடாய் உழைக்கிறவனுக்குப் பெயர் லாமோ, அதாவது எஜமான். அவன் பெண்டாட்டி மதோனா, எஜமானி. ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லாதவர்களுக்கு இப்படியொரு பட்டம் கட்டிவிட்டவன் எவனோ, பலே கைகாரன்.

இருபத்திரண்டு வயதில் மசியாவைக் கட்டிக்கொண்டு அவள் சோன் மூர்த்தா பண்ணைக்கு வந்தபோது அங்கே ஆடுகளும் பாதாம் மரங்களும்தான் இருந்தன. ஒரு வசந்தத்தில் பண்ணைக்குச் சொந்தக்காரியான சீமாட்டி எலியோனோர் வந்து, வீட்டு வாசலில் நின்று, "நாலு பூ இருந்தா நல்லா இருக்குமே, மதோனா" என்றாள். சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள். அந்த நாலு பூவுக்குப் பொலோனியா முப்பத்தொரு வருஷம் கொடுத்தாள். சரிவை வெட்டிப் படிப்படியாகக் கல் அடுக்கினாள். தொட்டியிலிருந்து வாய்க்கால் இழுத்து ஒவ்வொரு ரோஜாவின் காலடிக்கும் தண்ணீரைத் திருப்பினாள். அறுபத்தேழு படி. நாளுக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினாள் என்பது அவள் முழங்காலுக்குத்தான் தெரியும்.

இப்போது ஏப்ரல் பிறந்தால் போதும், தனியார் தோட்டங்களைப் பார்க்கிறோம் என்று வெளிநாட்டார் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். தொப்பியும் கேமராவுமாகக் கொடிப்பந்தலின் கீழ் நின்று பெருமூச்சு விடுகிறார்கள். பொலோனியாவும் பெருமூச்சு விடுவாள், காரணம் வேறு.

துறைமுக ஊரில் அவளுடைய அத்தை இரண்டு அறை வீடு ஒன்றை விட்டுப் போயிருந்தாள். மூன்றாவது மாடி. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரும் கொஞ்சம் கடலும் தெரியும். ஒரு பச்சை இலை கிடையாது. அதுதான் அவளுக்குப் பிடித்தது. அங்கே போனால் ஒரு தொட்டிச்செடிகூட வைக்கமாட்டேன் என்று சபதமே எடுத்திருந்தாள்.

குத்தகை கைமாறுவது செப்டம்பரில், மாதா பிறந்தநாளன்று. போகிறவர்கள் ஈஸ்டர் வாரம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இருப்பதாக அர்த்தம். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. வாயால் சொல்லிக் கையைக் கொடுத்தால் முடிந்தது. அந்த வாரத்தின் கடைசி நாள் அன்றைக்கு. சீமாட்டியும் அன்றைய பேருந்தோடு வந்துவிட்டு மாலையில் பால்மாவுக்குத் திரும்புகிறாள்.

"இன்னைக்குச் சொல்லிடுவேல்ல?" என்று காலையில் பாதாம் கேக்கை வெட்டிக்கொண்டே பொலோனியா கேட்டாள்.

"சொல்றேன்னு சொன்னேன்ல" என்றான் மசியா, கண்ணாடி முன்னால் தொப்பியைச் சரிசெய்தபடி.

"போன வருஷமும் இதையேதான் சொன்னே."

"போன வருஷம் ஆடு குட்டி போட்டுச்சு."

"ஆடு வருஷா வருஷம்தான் போடும், மசியா. என் முட்டிதான் வருஷா வருஷம் புதுசா முளைக்காது."

அவன் சிரித்தான். அவனுடைய தயக்கம் அவளுக்குத் தெரியாததா? துறைமுகத்துக்குப் போனால் அவன் லாமோ இல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மசியாக் கிழவன். வேறு நாற்பது கிழவர்களோடு நாற்பத்தொன்று.

பதினொரு மணிக்கு இருபத்தாறு பேர் இறங்கினார்கள். வழிகாட்டிப் பெண் பெகோன்யா தீவுக்காரி அல்ல; ஸ்பெயினின் பெருநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவள். சீமாட்டி மசியாவைக் காட்டி, "இவர்தான் எங்க லாமோ" என்றாள். பெகோன்யா அதை அப்படியே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்: இவர்தான் இந்தத் தோட்டத்தின் உரிமையாளர்.

அவ்வளவுதான். இருபத்தாறு பேரும் மசியாவைச் சூழ்ந்துகொண்டார்கள். கையைக் குலுக்கினார்கள். எங்களுக்காகக் கதவு திறந்தீர்களே என்று ஒரு வெள்ளைமுடிக்காரி கண்கலங்கினாள். மசியாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, மரியாதை மட்டும் புரிந்தது. தலை நிமிர்ந்து நின்றான். சீமாட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கெடுத்தியே பொண்ணே! சரி விடு, திருத்தாதே. அவருதான் எஜமான், நான் சும்மா விருந்தாளி." பிறகு, அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள், எல்லாருக்கும் முன்னால் கையை நீட்டினாள். "இன்னும் அஞ்சு வருஷம் இருந்து பாத்துக்கணும். என்ன லாமோ?"

மசியா அந்தக் கையைப் பார்த்தான். இருபத்தாறு முகங்களைப் பார்த்தான். பற்றிக் குலுக்கினான்.

கேக் தட்டோடு வந்த பொலோனியா பந்தலுக்கடியில் நின்றுவிட்டாள். பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் குத்தகை இரண்டு பேருக்கும் சேர்த்துத்தானே? சீமாட்டிக்கும் அது தெரியும். நல்லவள்தான், அதை மறைப்பானேன். திரும்பி அவளிடமே வந்து, சிரிப்பை நிறுத்திவிட்டு உண்மையாகவே கேட்டாள்.

"மதோனா, உங்களுக்கு எப்படி? முடியுமா? முடியலைன்னா சொல்லிடுங்க."

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நன்றாகவே காத்திருந்தாள். கேமராக்கள் தாழ்ந்தன. முடியலைம்மா, செப்டம்பர்ல போறோம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. குளிர்காலம் முழுக்கக் களை பிடுங்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

"உங்க இஷ்டம்மா" என்றது அவள் வாய். முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதற்கு வேறெதுவும் வரவில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். கேக்கைத் தின்றார்கள். எப்படிச் செய்வது என்று பெகோன்யா மூலம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

பேருந்தும் காரும் போன பிறகு அவள் தட்டுகளைக் கழுவப் போட்டாள். மசியா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தான். அவளும் நெஞ்சு நிறைய வைத்திருந்தாள்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க, பொலோனியா" என்றான். "எப்படி முடியாதுங்கறது?"

அவள் ஒரு தட்டை எடுத்துக் கழுவினாள். அவனைத் திட்டுவதற்கிருந்த உரிமையையும் காலையில் பந்தலுக்கடியிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஆமா" என்றாள். "பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க."