யோபுவின் மனைவிக்கு ஒரே ஒரு வரி

லிஃப்ட்காரன் பாட்டுப் பதிவு செய்ய உட்கார்ந்தால் முதலில் அணைவது வீட்டு ஃபிரிட்ஜ்தான். அதன் உறுமல் மைக்கில் விழுந்துவிடுமாம். அப்புறம் மின்விசிறி, அப்புறம் சுவர்க்கடிகாரம். மெத்தையை நிமிர்த்தி ஜன்னலில் சாத்திவிட்டு, துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, நாற்பத்தெட்டு வயது மனுஷன் ஒருவன் "நான் பிறந்த நாள் நாசமாப் போக" என்று தொண்டை கிழியக் கத்தினால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள்? நினைத்தார்கள். இரண்டு தடவை கதவைத் தட்டியே கேட்டுவிட்டார்கள்.

பாட்டு நன்றாக வந்த சந்தோஷத்தில் ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்துவிடுவான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து வருகிற மனைவி, கதவைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொள்வாள். "யோபுவுக்கு ஆடு மாடு போச்சு, எனக்குப் பாலும் மீனும் போச்சு. அந்த ஆளுக்காவது கடைசியில ரெட்டிப்பாத் திரும்பி வந்துச்சு."

பைபிளில் வருகிற யோபு கதைதான் அவன் கையில் எடுத்தது. சொத்து, பிள்ளைகள், உடம்பு எல்லாவற்றையும் பறிகொடுத்த நல்ல மனுஷன் ஒருவன் சாம்பலில் உட்கார்ந்து கடவுளோடு வழக்காடுகிற கதை. பதினேழு பாட்டு, முழுக்க முழுக்க ராக். கிட்டாரெல்லாம் அவனே வாசித்தான். டிரம்ஸ் வாங்க வழியில்லை. லிஃப்ட் கதவு மோதுகிற சத்தங்களைப் பதிவு செய்து கொண்டுவந்து கம்ப்யூட்டரில் அடுக்கித் தாளமாக்கினான். புயலுக்குள்ளிருந்து கடவுள் பேசுகிற பாட்டுக்கு மட்டும் ஒன்பது மாதம். லிஃப்ட் மோட்டார் அறையின் முழக்கம், அதன்மேல் பன்னிரண்டு கிட்டார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் விஷயம் உள்ளவன்.

பொழுது போகாமல் எடுத்த வேலையும் இல்லை இது. எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும்போது காலுக்கடியில் பலகை சறுக்கி லிஃப்ட் குழிக்குள் இரண்டு மாடி விழுந்தான். முதுகெலும்பில் அடி, பதினான்கு மாதம் படுக்கை. கூட வேலை செய்த மூன்று பேர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். "பெல்ட் போட்டிருக்கணும்" என்றான் ஒருவன். "பலகையைப் பாத்திருக்கணும்" என்றான் இன்னொருவன். மூன்றாமவன் "எல்லாம் அவசரம்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பழத்தை உரித்துத் தானே தின்றான். யோபுவைப் பார்க்கப் போன மூன்று சினேகிதர்களும் இதே ரகம்தான்: ஆறுதல் சொல்லப் போய், நீ ஏதோ தப்புப் பண்ணியிருப்பாய் என்று சொன்னவர்கள். வெந்த புண்ணில் வேல். முதல் மெட்டு அன்றைக்குத்தான் அவனுக்கு வந்தது.

எல்லாப் பாட்டும் முடிந்து, ஆறாவது பாட்டில் ஒரே ஒரு வரி மட்டும் இரண்டு வருஷமாகக் குரல் பதியாமல் காலியாகக் கிடந்தது. யோபுவின் மனைவி பாட வேண்டிய வரி. வேதத்தில் அவளுக்குப் பேச்சே ஒன்றுதான்: கடவுளைச் சபித்துவிட்டுச் செத்துப்போ என்று புருஷனிடம் சொல்கிறாள். லிஃப்ட்காரனின் மனைவி சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள், கனத்த நல்ல குரல். பாடு என்று சொல்ல வாய்வரை வரும், விழுங்கிவிடுவான்.

ஏன் என்றால், படுக்கையில் கிடந்த நாலாவது மாதம், ஒரு விடியற்காலை, அழுக்குப் போர்வையை உருவ வந்தவள், அவன் தூங்குகிறான் என்று நினைத்து முணுமுணுத்தாள்: "இப்படிக் கிடக்குறதுக்கு இந்த மனுஷன் அன்னிக்கே போய்ச் சேந்திருக்கலாம்." அவன் தூங்கவில்லை. அந்த வார்த்தையைத்தான் யோபு மனைவியின் வாயில் வைத்திருந்தான். தாளத்துக்கு உட்கார்ந்தது, அதனால் வைத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய். இப்போதும் அவள் அப்படித்தான் நினைக்கிறாளா என்று தெரிய வேண்டும் அவனுக்கு. நேராகக் கேட்கத் துப்பில்லாதவன் ராகம் போட்டு வைத்திருந்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், "ஒரே ஒரு வரி, பாடிக் குடேன்" என்று எப்படியோ கேட்டுவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அலமாரி முன்னால் நின்று ஹெட்போனை மாட்டினாள். காகிதத்தைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"இது வேதத்துல இருக்கிற வரி இல்லையே."

"இல்ல."

"நான் சொன்னது." ஹெட்போனைக் கழற்றினாள். "முழிச்சுக்கிட்டா இருந்தீங்க?"

தலையாட்டினான்.

"அடப்பாவி மனுஷா! எட்டு வருஷமா இதை மனசுல வச்சுக்கிட்டா என் கையால சாப்பிட்டீங்க?"

"நீ இப்பவும்..." என்று இழுத்தான்.

அவள் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தாள். "பொய் சொல்ல மாட்டேங்க. அன்னிக்கு மனசாரத்தான் சொன்னேன். நான் தூங்கி நாலு நாள் ஆச்சு, இடுப்பு விட்டுப்போச்சு. சொல்லிட்டுப் போர்வையை மாத்தினேன். சொன்னது காதுல விழுந்துச்சே, மாத்தினது விழலையா?"

அவன் ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"மறுநாளும் மாத்தினேன். பத்து மாசம் மாத்தினேன். ஆமா, இந்த யோபு பொண்டாட்டி இதைச் சொல்லிட்டு எங்க போறா?"

"வேதத்துல அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல."

"நல்லா இருக்கே! அப்ப அந்தாளு புண்ணை யாரு கழுவினா? கஞ்சி யாரு ஊத்தினா? பேச வந்த மூணு பேருமா?"

லிஃப்ட்காரன் அழுதுவிட்டான். இரண்டு மாடி விழுந்தபோதுகூட அப்படி அழவில்லை. "நீ சொன்னதுக்கு மெட்டு வந்துச்சு. செஞ்சதுக்கு வரலை" என்றான்.

"வரலைன்னா தேடுங்க" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, அந்த வரியை அவன் எழுதியபடியே, ஒரு சொல் மாற்றாமல், ஒரே மூச்சில் பாடிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம், ஓய்வு நாட்களிலெல்லாம் அவளை அதே இடத்தில் நிறுத்தினான். வார்த்தை கிடையாது, வேலை செய்துகொண்டே முனகுகிற மாதிரி ஒரு முனகல். சினேகிதர்கள் குற்றம் சொல்கிற பாட்டிலும், யோபு வழக்காடுகிற பாட்டிலும், கடவுளின் பன்னிரண்டு கிட்டாருக்கு அடியிலும் அது மெல்ல ஓடியது. "எனக்கே சலிச்சுப்போச்சு, உங்க யோபுவுக்குச் சலிக்கலையா?" என்று சலித்துக்கொண்டே பதினோரு பாட்டுக்கும் முனகித் தந்தாள்.

வேலை முடிந்ததும் முதலில் கேட்டவன் அவளுடைய தம்பி. ஒன்றே முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு ஹெட்போனை இறக்கினான்.

"பயங்கரம் மாமா! ஆனா ஒண்ணு புரியலை. யோபுவோட பொண்டாட்டி ஆறாவது பாட்டுல அவரைச் சாகச் சொல்லிட்டுப் போயிடுறா. அப்புறம் கடைசிவரைக்கும் அடியில ஒரு குரல் கேட்டுக்கிட்டே இருக்கே, அது யாரு?"

"அவதான்டா" என்றான் லிஃப்ட்காரன். "அவ எங்க போனா? அங்கதான் இருந்தா."