தூள் பனிக்குத் தனியாகப் போகலாமா? தோப்பூரில் கிடைத்த பதில்

முதலில் ஒரு மன்னிப்பு. பனிச்சறுக்கு விடுமுறைக்கு இடம் தேடுவதைப் பற்றி இதுவரை எழுதிய நான்கு பதிவுகளிலும் "நாங்கள், நாங்கள்" என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். நாங்கள் என்றால் நானும் வாசுகியும். திருகோணமலையில் ஒரே பாடசாலையில் பதினொரு வருடம் படிப்பித்தவர்கள், இரண்டு பேரும் தனிக்கட்டைகள். ஆறு வருடமாக இந்தப் பயணத்தைப் பற்றிக் கதைத்துக் கதைத்தே காலம் போனது. கடைசியில் வாசுகி நாற்பத்தேழாவது வயதில் மெல்பேணில் இருக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போய் ஐந்து மாதம். கடைசி இரண்டு பதிவுகளும் அதற்குப் பிறகு எழுதியவை. அவளுக்கு நல்லது நடந்தது, எனக்குச் சந்தோஷம்தான். வயிறும் எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பட்டியலில் மூன்று இடங்கள் மிஞ்சியிருந்தன: ஜப்பானின் ஹொக்கைடோ, ஜோர்ஜியாவின் குடவுரி, காஷ்மீரின் குல்மார்க். மூன்றையும் தூள் பனிக்காகத்தான் எடுத்தோம். புதிதாக விழுந்து, அரிசிமாவு மாதிரி உலர்ந்து கிடக்கும் பனி அது. முழங்கால் வரை புதையுமாம், விழுந்தாலும் நோகாதாம். இறுக்கிச் செப்பனிட்ட பாதையில் சறுக்குவதென்றால் நிலாவெளி ரோட்டே போதும் என்பாள் வாசுகி. அறை வாடகை முழுவதும் என் தலையில் என்று ஆனதும் ஹொக்கைடோ அடிபட்டது. மிச்சம் இரண்டில் எது, அல்லது பேசாமல் வீட்டிலேயே இருப்பதா என்பதுதான் கேள்வி. அடுத்த திங்கட்கிழமை லீவுக் கடிதத்தைப் பாடசாலை அதிபரிடம் கொடுத்தாக வேண்டியிருந்தது. இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் குடும்பமும் கூட்டாளிகளுமாகப் போய்வந்தவர்கள். பனியோடு உண்மையாக மல்லுக்கட்டிய ஒருவரிடம் கேட்போம் என்று முடிவெடுத்தேன்.

அப்படி ஒருவர் தோப்பூரில் இருந்தார். எங்கள் பாடசாலை அலுவலகத்தில் வேலை செய்யும் றிஹானாவின் மாமா, பெயர் நஸீர்; அண்ணன் முறைவைத்து ஊரில் எல்லாரும் நஸீர் நானா என்பார்கள். இத்தாலியில் மலைமேல் ஒரு பனிச்சறுக்கு நிலையத்தில் எட்டுக் குளிர்காலம் வேலை செய்தவர். இப்போது தோப்பூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார்.

ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலை 7.20க்குத் திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாகப் போகும் பஸ், ரிக்கெற் 230 ரூபா. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலத்துக்கு மேல் பாலமாக வரும், வெயில் ஏறுமுன் போனால் இடதுபக்க ஜன்னல் நல்லது. நான் ஜன்னலோரம் இருந்துகொண்டு பக்கத்துச் சீட்டில் பையை வைத்திருந்தேன். கிண்ணியாவில் ஏறிய ஒரு பெண், ஆரும் வருகிறார்களா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த மனுசி மூதூர்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. தோப்பூரில் இறங்க 9.05.

நஸீர் நானா கதிரை இழுத்துப் போட்டு, இஞ்சி போட்ட பிளேன்ரீ வருவித்தார். ஆரோடு போகிறீர்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கூட்டாளி ஒருத்தியோடு என்றேன். அன்று காலையில் இரண்டாவது பொய்.

அதனால் ஒரு மணித்தியாலமாக அவர் சொன்னதெல்லாம் இரண்டு பேருக்கான புத்திமதி. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் மலையைக் கீறி, மரங்களைக் கீறிக் காட்டினார். தூள் பனியில் மரத்தின் அடியைச் சுற்றிப் பள்ளம் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. தலைகீழாக விழுந்தால் தானாக எழும்ப முடியாது. ஒராள் சறுக்கும்போது மற்ற ஆள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கழுத்தில் ஆளுக்கொரு விசில். கூட்டாளி வேகமானவவா, ஆறுதலானவவா என்று கேட்டார். வேகம் என்றேன். சப்பாத்து அளவு கேட்டார், வாசுகியின் அளவையும் சொன்னேன். ஆணி வாங்க வந்தவரைக்கூடக் காக்கவைத்து, இல்லாத ஒருத்தியின் உயிருக்காக அந்த மனிதர் இவ்வளவு பாடுபடுகிறார். அதற்குமேல் எனக்கு ஏலவில்லை.

"நானா, கூட்டாளி வரேல்ல. நான் தனியத்தான் போறன்."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. தன்னுடைய நிலையத்துக்கு ஒவ்வொரு வருடமும் தனியாக வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். நன்றாகச் சறுக்கத் தெரிந்த ஆளாம்.

"சனிக்கிழமை விடியப் போனவர் ரீச்சர். திங்கக்கிழமை அறை துப்புரவாக்கப் போன பிள்ளைதான் வந்து சொன்னது, கட்டில் குழம்பாமக் கிடக்கெண்டு."

"ஆளைக் கண்டுபிடிச்சதா?"

"பனி கரைஞ்சாப் பிறகு."

அந்த மனிதருக்காவது கட்டிலைப் பார்க்க ஒரு பிள்ளை இருந்தாள். என் வீட்டுக் கட்டிலை ஆர் பார்க்கப் போகிறார்கள்? ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்கு ஏதாவது நடந்தால் திங்கட்கிழமை காலை முதலாம் பாடத்துக்குத்தான் தேடுவார்கள். காஷ்மீர் வேண்டாம், திருகோணமலையிலேயே அதுதான் என் நிலைமை. உண்மையில் பயந்துபோனேன்.

"போகவேணாமெண்டு நான் சொல்லேல்ல," என்றார் நஸீர் நானா. "தூள் பனியை விடுங்க. கிளாஸ் நடத்துற இடமாப் பாருங்க. பின்னேரம் இறங்கேக்க மாஸ்டர் தலையை எண்ணுவார். ஒராள் குறைஞ்சா மற்ற ஆக்களும் இறங்க ஏலாது."

12.10 பஸ்ஸில் திரும்பினேன். இந்தமுறை பையை மடியில் வைத்துக்கொண்டேன். மூதூரில் ஏறிய ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்து, தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டது. சீனன்குடா வரும்வரை நான் அசையவில்லை.

அன்று பின்னேரமே குடவுரியிலும் குல்மார்க்கிலும் இருக்கும் நான்கு பயிற்சிப் பள்ளிகளுக்கு எழுதினேன். பனி எத்தனை அடி என்று கேட்கவில்லை. மாலையில் என்னை ஆர் எண்ணுவார்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் விலைப்பட்டியல் அனுப்பினார்கள், ஒருவர் பதிலே போடவில்லை. குல்மார்க்கில் ஒரு சின்னப் பள்ளி மட்டும் மறுநாளே கேட்டதற்குப் பதில் எழுதியது: ஆறு பேர் கொண்ட வகுப்பு, காலையில் ஒருதரம், மதியம் ஒருதரம், இறங்குமுன் ஒருதரம் எண்ணுவோம்.

தனியாகப் போகிறவர்களுக்கு என் புத்திமதி இவ்வளவுதான். சறுக்குவது முதல்முறையா, கீழ்ச் சரிவிலேயே நில்லுங்கள், கேபிள் காரில் உச்சிக்குப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு அதிலேயே இறங்குங்கள். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர்தான், பகலில் போய்ச் சேருங்கள். பெப்ரவரியில் பனி நன்றாக இருக்குமாம். இடத்தைத் தெரிவுசெய்யுமுன் நான் கேட்ட கேள்வியைக் கேளுங்கள், கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். நான் குல்மார்க் என்று முடிவெடுத்து, அந்தத் திங்கட்கிழமையே லீவுக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

பள்ளிக்காரர்கள் போன கிழமை இன்னொரு கேள்வி அனுப்பினார்கள். எண்ணும்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஊரில் எல்லாருக்கும் நான் ரீச்சர். என் பெயரைக் கடைசியாகச் சொல்லிக் கூப்பிட்டது வாசுகி, கட்டுநாயக்க விமான நிலையத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று. சத்தம் கேட்கவில்லை, வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன்.

சுபா என்று கூப்பிடச் சொல்லி எழுதினேன்.