தாலி கட்டும் நேரத்தில் மங்கிய லென்ஸ்

ஏ.சி.யில் இருந்த கேமராவை உடனே வெளியே நீட்டக் கூடாது. பைக்குள்ளேயே அரை மணி நேரம் கிடக்கட்டும், இல்லாவிட்டால் கொச்சிக் காற்றில் லென்ஸ் வேர்த்துவிடும். மட்டாஞ்சேரியில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்பில் எங்கள் டீச்சர் வாரம் தவறாமல் சொல்லும் பாடம் இது. ஐம்பது வயதில் கேமரா பிடிக்கப் போன நானே அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அதே தப்பை டீச்சர் என் மகள் கல்யாணத்தில் செய்தார்.

முதுகில் ஆபரேஷன் ஆகி, என் வீட்டுக்காரர் சுள்ளிக்கல் வீட்டில் அசையாமல் படுத்திருந்தார். குறித்த நாளை மாற்ற வழியில்லை. கல்யாணம் நடக்கும் கோயிலின் வாசலிலேயே எல்லார் போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். சீட்டு வாங்கிய ஒரே ஒரு போட்டோகிராபர்தான் உள்ளே போகலாம். "தாலி கட்டுறத ஒரு படம் எடுத்துக் காட்டுங்க, டீச்சர். எனக்கு அது போதும்" என்று அவர் படுக்கையிலிருந்தே கேட்டிருந்தார்.

மேக்கப் கரையக் கூடாதென்று காரில் ஏ.சி.யை முழுசாக வைக்கச் சொன்னது நான்தான். வழியில் ஒரு லாரி குறுக்கே மாட்டி அரை மணி நேரம் போயிற்று. அப்பா வரவில்லையே என்று மகள் கண்கலங்க, டீச்சர் அவளைச் சிரிக்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். என் மகளைவிட நாலு வயதுதான் மூத்தவர். கேமரா பைக்குள் போகவே இல்லை. இறங்கியதும் நேரமாச்சு என்று ஐயர் கூப்பிட, ஓட்டமும் நடையுமாக மண்டபம் ஏறினோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், டீச்சர் துணியால் லென்ஸைத் துடைக்கிறார். துடைக்கத் துடைக்க வெள்ளை படர்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்களே, இதுதானா லட்சணம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர் இரண்டு தடவை பொத்தானை அழுத்தினார். பிறகு கேமராவைத் தாழ்த்திக்கொண்டு மணவறையையே பார்த்தபடி நின்றார். கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்தது.

மாப்பிள்ளையின் மாமா ஒரு யோசனை சொன்னார். "லென்ஸ் தெளியட்டும். பையனைக் கையை மட்டும் கழுத்துக்குப் பின்னால வெச்சுக்கச் சொல்லி எடுத்துக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

நானும் வேகமாகத் தலையாட்டினேன். வெட்கமில்லாமல்தான்.

"வேண்டாம் சேச்சி" என்றார் டீச்சர். "சார் அத நெசம்னு நம்பிப் பார்ப்பார். தப்பு என்னோடதாக்கும். நானே வந்து அவர்கிட்ட சொல்லிக்கறேன்."

சொன்னபடியே வந்தார். பந்தியில்கூட உட்காராமல், கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காரில் கேமராவைப் பையில் வைக்க மறந்தது முதல் ஒன்றுவிடாமல் சொன்னார். தப்பு செய்த கையோடு, ஏமாந்தவர் முகத்துக்கு நேரே போய் உட்கார எத்தனை பேருக்கு நெஞ்சுரம் உண்டு? எனக்குக் கிடையாது. ஏ.சி.யைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. படத்தைக் காட்டினார். இரண்டு வெள்ளைத் திட்டுகள், நடுவில் மஞ்சளாக ஏதோ ஒன்று.

என் வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது. "ஒண்ணும் தெரியலையேம்மா."

"படத்துல தெரியாது, சார். ஆனா நான் கண்ணால கண்டேன். சொல்லட்டுமா?"

அவர் தலையசைத்தார்.

"மாப்பிள்ளைக்கு முதல் முடிச்சு நழுவிடுச்சு, மறுபடி போட்டார். மூணாவது முடிச்சு நாத்தனார் போடறப்ப பூச்சரம் மாட்டிக்கிச்சு. அவங்க அத விடுவிக்கிற நேரத்துல உங்க பொண்ணு தலையை நிமிர்த்தி வாசலப் பார்த்தா, சார். சத்தம் வரல்ல. உதடு மட்டும் 'அப்பா'ன்னு அசைஞ்சுது."

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. துடைக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார்.

டீச்சர் ஒரு சாயா குடித்துவிட்டுக் கிளம்பினார். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"வாசலப் பார்த்தாளாமே" என்றார் அவர். "நீ பக்கத்துலதானே நின்னே. நீயும் சொல்லு, எப்படிப் பார்த்தா?"

மகளிடமிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன்.

"நான் பார்க்கலைங்க" என்றேன். "அந்த நேரம் முழுக்க டீச்சரைத்தான் முறைச்சுக்கிட்டு இருந்தேன்."