மூப்பரிடம் சொன்னது

எங்கள் சபைக்குப் போதகரான ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அவருக்கு மூன்று கோயில்கள். மற்ற நாட்களில் ஜீவனஹள்ளியில் எங்களுக்கு மூப்பர்தான் எல்லாம். சண்டை தீர்ப்பதும் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பதும் அவர். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க யாருக்குத் தகுதி என்று ஐயரிடம் சொல்வதும் அவர். அவரிடம் சொன்னது அவரோடு நிற்கும் என்று நம்பினோம்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். என் மகளுக்கு ஒன்பது மாதம். பத்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. மூப்பர் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு, முழங்காலில் நின்று ஜெபித்தார். அதோடு நான் விட்டிருக்கலாம். பயம் விடவில்லை. நான் தோட்ட வேலை செய்த பங்களாவில் ஜட்கா ஓட்டிய பாய் சொன்னபடி, தர்காவில் ஒரு தாயத்து வாங்கினேன். மனைவிக்குத் தெரியாமல் குழந்தையின் தலையணைக்குள் வைத்துத் தைத்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத என் மனைவி, ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னாள். ஜெபம் ஒன்றுதான் பிள்ளையைத் திருப்பித் தந்தது என்று அழுதாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. இதை மறைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்ட என்னால் முடியாது. மூப்பர் வீட்டுக்குப் போய்த் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். தோளைத் தட்டினார். "நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும் தம்பி. வீட்டுல சொல்லாதே, அது தாங்காது" என்றார். நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். பதினைந்து பேர் இருந்தோம். மூப்பர் விதவைகளுக்காக ஜெபித்தார், வேலை இல்லாதவர்களுக்காக ஜெபித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆண்டவரே, பச்சக் குழந்த தலையணையில தாயத்த ஒளிச்சு வெச்ச சகோதரன் ஒருத்தன் இங்க இருக்கான். அவன மன்னியும்."

பெயர் சொல்லவில்லை. எங்கள் சபையில் காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தை ஒன்றுதான். என் மனைவி முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

வாசலில் மூப்பரை நிறுத்திக் கேட்டேன். ஒரு பெரியவரை நான் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லலியேப்பா. ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்."

அவர் அதை மனதார நம்பினார்.

தெருவில் ஒரு பெண், "சாட்சிக்காரம்மா, பள்ளம் இருக்கு, பாத்துப் போங்க" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து குழந்தையைப் படுக்க வைத்த பிறகுதான் பேசினாள்.

"அவர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதே உங்களுக்கு. நான் எந்திரிச்சு சாட்சி சொன்னப்ப, பாத்துட்டு உக்காந்திருந்தீங்களே."



திருவிருந்து ஞாயிறன்று மூப்பர் எங்கள் இருவரையும் தகுதியுள்ளவர்கள் என்றே ஐயரிடம் சொல்லியிருந்தார். நான் எழுந்து போய் முழங்காலிட்டேன். அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்திருந்தாள்.