காரில் சத்தம் போன பிறகு

மகள் பெங்களூரில் ஆபீஸ் போகும் வழியில்தான் எனக்குப் போன் செய்வாள். அந்த நேரத்தில் நான் காரில் திருக்காட்டுப்பள்ளி வயலுக்குப் போய்க்கொண்டிருப்பேன்.

"கார் எரச்சல்ல ஒண்ணுமே கேக்கலப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள்.

அதனால் இந்த வாரம் நானே கார்க் கதவுகளின் உள்பக்க டோர் பேடுகளைக் கழற்றி, உள்தகரத்தில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டும் கூரையில் ஃபோமும் ஒட்டினேன். வெறும் தாம்பாளத்தைத் தட்டினால் கணீரென்று கேட்கும். ஈரத்துணியை ஒட்டிவைத்துத் தட்டினால் தொப்பென்று அடங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம். கூரை வழியாக வெயில் சூடும் இப்போது முன்போல் உள்ளே இறங்குவதில்லை.

இன்று காலை பாதிச் சாலையில் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக ஊர்ந்து போகும்போது மகளின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"என்னப்பா, வயலுக்குப் போகலையா? சத்தமே இல்ல."

"கார்லதாம்மா இருக்கேன். நான் பேசறது ஒனக்குக் கேக்கணும்னு நானே ஷீட் ஒட்டினேன்."

"இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று சிரித்தாள். "சரிப்பா, ஆபீஸ் வந்துடுச்சு. அப்புறம் பேசறேன்."

மீதி வழியெல்லாம் கார் அமைதியாகத்தான் ஓடியது.

பக்கத்து சீட் காலி. காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் சொல்லுங்கள், ஏற்றிக்கொள்கிறேன். ஊர் வரும்வரை பேசிக்கொண்டே வர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.