அடைக்கலமேரிக்கு மிஞ்சிய சீட்டு

செண்பகனூரில் ஒரு பள்ளி விடுதி அடுக்களையில் சோறு வடிக்கிறவள் அடைக்கலமேரி. அடுக்கம் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்த வருஷமே கரண்டியைப் பிடித்தவள். இன்றைக்கும் உலைப்பானைப் பக்கம் வேறு யாரையும் விடமாட்டாள். குழம்பு வைக்கிறவள் உபகாரம். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தான். ஈஸ்டர் அன்று அடைக்கலத்தின் அதிரசத்தைக் கடித்துவிட்டு, "கல்லாட்டம் இருக்கு, பல்லு போயிரும்டி" என்றாள் உபகாரம், எல்லார் முன்னாலும். அதோடு பேச்சு நின்றது. பூண்டு உரிக்கும்போதுகூட முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தப்பு இரண்டு பேர் மேலும்தான்; யார் வந்து கேட்டாலும் நான் மாற்றிச் சொல்லமாட்டேன்.

டிசம்பர் குளிரில் உபகாரத்துக்குக் காது வலிக்கும். அடைக்கலம் அவளுக்கென்று ஒரு கம்பளித் தொப்பியே பின்னிவிட்டாள். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ரோஷம் விடவில்லை. பரிசு கொடுக்க ஆள் பிரிக்கும் 'கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட்' சீட்டில் அவள் பேர் வந்தால் ஒரு சாக்குக் கிடைக்கும்.

அடுக்களையில் இவர்கள் இரண்டு பேரோடு தாரணி, சௌம்யா, கேத்தரின் என்று ஐந்து பேர்; டப்பாவில் அவர்கள் பேர் எழுதிய ஐந்து சீட்டு. யார் பேர் வருகிறதோ அவளுக்குப் பரிசு. எழுத்துத் தெரியாதவர்கள் இருப்பதால் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டரே சத்தமாகப் படித்துவிடுவார். எடுத்த சீட்டைத் திரும்பப் போடக் கூடாது. தன் பேரே வந்தாலும் அதோடு சரி. அன்றைக்குப் பால் ஊற்றப் போன நானும் நின்று பார்த்தேன்.

"நான் கடைசியாத்தான் எடுப்பேன்" என்றாள் அடைக்கலம்.

"ஏன்க்கா?" என்றாள் சௌம்யா.

"வேண்டாத பேரெல்லாம் முன்னால போகட்டும். குறையக் குறைய வேண்டிய பேரு கிட்ட வரும்ல?"

"வேண்டிய பேரும் போயிருமே! கடைசில உன் பேரே உனக்கு வரும். நீயே உனக்கு வளையல் வாங்கிப் போட்டுக்க."

"போனாப் போகுது. கடைசிதான்."

தாரணி எடுத்தாள்: கேத்தரின். சௌம்யா எடுத்தாள்: தாரணி. மூன்று பாக்கி. அடுத்து உபகாரமே கையை விட்டாள். அடைக்கலம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். வந்தது சௌம்யா.

இப்போது டப்பாவில் இரண்டே சீட்டு: ஒன்று உபகாரம், இன்னொன்று அடைக்கலம். எடுக்க வேண்டியது கேத்தரினும் அடைக்கலமும். கேத்தரின் கையில் உபகாரம் வந்துவிட்டால் தொப்பி பெட்டிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். ஐந்தில் ஒன்றாக இருந்த ஆசை பாதிக்குப் பாதியாக வளர்ந்திருந்தது. பயமும் கூடவே வளர்ந்திருந்தது.

கேத்தரின் துழாவிக்கொண்டே இருந்தாள்.

"வெரசா எடு புள்ள, உலை கொதிக்குது" என்று அதட்டினாள் அடைக்கலம்.

சிஸ்டர் பிரித்துப் படித்தார்: "அடைக்கலமேரி."

மிஞ்சிய சீட்டை எடுத்த அடைக்கலம் அதைப் பிரிக்கவே இல்லை. அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உபகாரத்துக்குப் பொறுக்கவில்லை. "என்னடி, சிஸ்டர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லலையா?"

"எதுக்குப் படிக்கணும்? உள்ள நீதானே கெடக்க!"

"சரிதான். பரிசுன்னு அதிரசத்த மட்டும் கொண்டாந்துராத தாயி."

அன்று சாயங்காலம் பூண்டுக் கூடையை நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும் யார் காத்திருப்பது? தொப்பி அப்போதே உபகாரத்தின் தலையில் இருந்தது.